சீட்டில் இருந்த பெயர்

எட்வேட்: பிழை, அக்கா. திரும்பவும் அதையேதான் சொல்றீங்க. நான் கேட்டது ஏன் குடுக்கிறீங்க எண்டு. நீங்க சொல்றீங்க, பேர் வந்தது எண்டு.

நேசம்: வந்ததுதானே.

எட்வேட்: பேர் வந்தது எண்டு சொன்னா அவை என்ன நினைப்பினம்? உள்ளுக்கு இருந்து கேக்கப்போறது மூண்டு டொக்டர்மார், ஒரு லோயர். அவைக்குத் தெரிய வேண்டியது ஒண்டே ஒண்டு...

நேசம்: சரி, கேள். இன்னொருக்கா.

எட்வேட்: உங்கட பேர்?

நேசம்: நேசமலர் சவுந்தரநாயகம். நாப்பத்தி மூண்டு வயசு. கொட்டாஞ்சேனை. கலியாணம் கட்டேல்ல. ஏன் கட்டேல்ல எண்டும் கேப்பினமா?

எட்வேட்: கேக்க மாட்டினம். ஆருக்கு, என்னத்தைக் குடுக்கிறீங்க?

நேசம்: என்ர கடைசித் தம்பி ரெனால்டுக்கு. ஒரு கிட்னி. இடது பக்கத்தது.

எட்வேட்: ஆராவது உங்களை வெருட்டினவையா? கட்டாயப்படுத்தினவையா?

நேசம்: நீதான் காலமை ஏழு மணியில இருந்து இந்த வாங்கில இருத்தி வச்சுக் கட்டாயப்படுத்துறாய்.

எட்வேட்: அக்கா...

நேசம்: இல்லை, டொக்டர். ஒருத்தரும் இல்லை.

எட்வேட்: நல்லது. கடைசிக் கேள்வி. உங்கட சொந்த விருப்பத்திலயா இதைச் செய்றீங்க?

நேசம்: ...

எட்வேட்: ஓம் எண்டு ஒரு சொல்லு, அக்கா.

நேசம்: தண்ணிப் போத்தல் எங்க?

எட்வேட்: உங்கட பையிக்குள்ள. நாலாந்தரம் இந்த இடத்திலயே நிக்கிறீங்க. என்ன பிரச்சினை?

நேசம்: பிரச்சினை ஒண்டும் இல்ல. அந்த ஃபோர்மில 'எனது சுயவிருப்பின் பேரில்' எண்டு தமிழில அடிச்சு, கீழ கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்கு.

எட்வேட்: ஓம், அதுக்கு?

நேசம்: அதுல என்னால கையெழுத்து வைக்க ஏலாது.

எட்வேட்: என்ன?

நேசம்: சத்தம் போடாத. அந்த நேர்ஸ் மிஸ் பாக்கிறா.

எட்வேட்: அக்கா, உங்களுக்கு விளங்குதா என்ன சொல்றீங்க எண்டு? மேல மூண்டாம் மாடியில அவன் இப்ப டயலிசிஸ் மெஷினில படுத்திருக்கிறான். கிழமைக்கு மூண்டு தரம், நாலு நாலு மணித்தியாலம், ரெண்டு வருசமா. இண்டைக்கு இவை ஓம் எண்டா வாற மாசம் ஒபரேஷன். நீங்க கையெழுத்து வைக்காட்டி ஃபைலை மூடிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவினம்.

நேசம்: தெரியும்.

எட்வேட்: பயமா? பயம் எண்டா சொல்லுங்கோ, அது...

நேசம்: கத்திக்குப் பயமில்ல. பொய்க்குப் பயம். டொக்டர் என்ன சொன்னவர்? எங்கட ரெண்டு பேற்ற கிட்னியும் பொருந்துது, ஆர் குடுக்கிறது எண்டு வீட்டில பேசி முடிவெடுங்கோ எண்டவர். நாங்க பேசினமா? இல்ல. அஞ்சு கிழமைக்கு முந்தி, ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போய்த் திருவுளச்சீட்டுப் போட்டம்.

எட்வேட்: அம்மா இருக்கேக்கயும் எல்லாத்துக்கும் அதுதானே. எனக்கு எந்தப் பள்ளிக்கூடம் எண்டதுக்கும் சீட்டுத்தான்.

நேசம்: அதுதான் சொல்றன். நீ வீட்டில இருந்து ஆளுக்கொரு பேரா ரெண்டு சீட்டு எழுதி மடிச்சுக் கொண்டு வந்தனீ. பிஸ்கட் டின்னில போட்டுக் குலுக்கினனீ. மெழுகுதிரி விக்கிற றஞ்சிதம் அக்கா கண்ணை மூடி ஒண்டை எடுத்தா. அவ கண்ணாடி கொண்டு வரேல்ல எண்டு நான் வாங்கி வாசிச்சனான். இதுல என்ர விருப்பம் எங்க இருக்கு? அந்தச் சொல்லைப் பார். திருவுளம். ஆண்டவர்ர உள்ளம். அதைக் கேட்டுப்போட்டு இங்க வந்து 'சுயவிருப்பு' எண்டு எழுதவா?

எட்வேட்: இவ்வளவுதானா? நான் பயந்திட்டன்.

நேசம்: இவ்வளவுதானா எண்டு கேக்கிறாய்...

எட்வேட்: கொஞ்சம் பொறுங்கோ. நான் விளங்கப்படுத்துறன்.

நேசம்: தொடங்கிற்று. உன்ர லிஃப்ட் வேலைக் கதை வரப்போகுது.

எட்வேட்: லிஃப்ட்தான். கொம்பனித்தெருவில நான் திருத்த வேலை பாக்கிற கட்டடத்தில நாலு லிஃப்ட் இருக்கு. நீங்க ஒம்பதாம் மாடியில பட்டனை அமத்தினா எது வரும்?

நேசம்: எது வருதோ அது.

எட்வேட்: எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம், அது அதிஷ்டம் எண்டு. இல்ல. மேல ஒரு கொன்ட்ரோலர் இருக்கு. எது கிட்ட நிக்குது, எது உங்கட பக்கம் வருது, எதுக்குள்ள பாரம் கூட, எல்லாத்தையும் கணக்குப் பாக்கும். உங்கட விரல் பட்டனில பட்ட உடனே முடிவாகிடும். வேற ஒண்டும் வர ஏலாது.

நேசம்: அப்ப லிஃப்டுக்கு விருப்பம் இல்ல.

எட்வேட்: இல்ல. இப்ப நான் அந்தக் கொன்ட்ரோலருக்குள்ள ஒரு தாயக்கட்டையை வைக்கிறன் எண்டு வைங்கோ. பட்டனை அமத்தினா தாயம் உருளும், விழுந்த நம்பர் லிஃப்ட் வரும். இப்ப லிஃப்டுக்கு விருப்பம் வந்திட்டுதா?

நேசம்: உனக்கு வேலை போயிடும்.

எட்வேட்: அதேதான். கம்ப்ளெயின்ட் வரும், விருப்பம் வராது. எல்லாம் முன்னமே முடிவாகி இருந்தாலும் விருப்பம் இல்ல, எல்லாம் தற்செயல் எண்டாலும் விருப்பம் இல்ல. அப்ப எங்க இருந்துதான் விருப்பம் வரும்? இப்ப நீங்க கேக்க வேணும்.

நேசம்: கேக்கேல்ல. நீயே சொல்லு.

எட்வேட்: லிஃப்டுக்குள்ள ஏறி நிண்டு, 'தம்பி, எனக்கு முழங்கால் நோகுது, மெதுவாப் போ' எண்டு சொன்னாக் கேக்குமா? கேக்காது. நீங்க கேப்பீங்க. இப்ப டொக்டர் ஓடி வந்து ரெனால்டுக்குத் தானாச் சுகமாயிட்டுது எண்டா நீங்க உள்ளுக்குப் போவீங்களா?

நேசம்: ஏன் போறன்? வீட்ட போய்ப் படுப்பன்.

எட்வேட்: பாத்தீங்களா. காரணம் மாறினா நீங்களும் மாறுவீங்க. அந்தச் சீட்டு உங்களை இழுத்துக்கொண்டு வரேல்ல. ஆஞ்சியோ, ஸ்கேன் எண்டு அஞ்சு கிழமையா ஒவ்வொண்டுக்கும் நீங்க உங்கட காலால நடந்து வந்தனீங்க. சீட்டு வெறும் கடதாசி. அதைக் கேக்கிறது எண்டு முடிவெடுத்தது நீங்க. அதுதான் சொந்த விருப்பம்.

நேசம்: அந்தக் காரணங்களை எனக்குள்ள ஆர் வச்சது?

எட்வேட்: அது... அம்மா வச்சிருப்பா. கோயில், பள்ளிக்கூடம்...

நேசம்: அப்ப அம்மாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்லு.

எட்வேட்: பகிடி விடாதீங்கோ. ஆர் வச்சாலும் இப்ப அது உங்கடதானே? உங்கட மூக்கை அப்பா தந்தார் எண்டதுக்காக அது அப்பாற்ற மூக்கா?

நேசம்: நல்லாத்தான் கதைக்கிறாய். பிழையான ஆளுக்குக் கதைக்கிறாய், அவ்வளவுதான்.

எட்வேட்: என்னெண்டு?

நேசம்: எட்வேட், நீ நினைக்கிறாய் இது என்ர விருப்பம் இல்ல எண்டு நான் அந்தரப்படுறன் எண்டு. மற்றப் பக்கம். இது முழுக்க என்ர விருப்பம். அதுதான் எனக்குப் பயம்.

எட்வேட்: விளங்கேல்ல.

நேசம்: அந்தச் சீட்டில என்ர பேர் இருக்கேல்ல. உன்ர பேர்தான் இருந்தது. எட்வேட் எண்டு, உன்ர கோணல் எழுத்தில. நான் நேசம் எண்டு வாசிச்சுப்போட்டு உடனே மெழுகுதிரியில காட்டினனான். எடுத்த சீட்டை எரிக்கிறதுதானே எங்கட பழக்கம், ஒருத்தரும் ஒண்டும் நினைக்கேல்ல.

எட்வேட்: ஏன்... ஏன் அப்பிடி வாசிச்சனீங்க?

நேசம்: தெரியாது. வாயில வந்தது.

எட்வேட்: வாயில அப்பிடி வருமா?

நேசம்: வந்ததுதானே. விடு அதை. நான் என்ன செய்திருக்கிறன் எண்டு யோசி. அந்தோனியாற்ற காலடியில நிண்டு ஆண்டவரைக் கேட்டம். அவர் எட்வேட் எண்டு சொன்னார். நான் அவருக்கு முன்னாலயே நிண்டு, இல்ல, நேசம் எண்டு மாத்தினனான். திருவுளத்தை அழிச்சுப்போட்டு என்ர விருப்பத்தை எழுதினனான். இப்ப அதுக்கு ஒரு கையெழுத்தும் வேணுமாம்.

எட்வேட்: அக்கா, அது அப்பிடி...

நேசம்: அஞ்சு கிழமையா எனக்கு நித்திரை இல்ல. ஆண்டவர் காட்டின கிட்னி உன்ரது. நான் குடுக்கிறது வேற. அவன்ர உடம்பு அதை ஏத்துக்கொள்ளாட்டி? மேசையிலயே ஏதும் நடந்தா? டொக்டர் ஆயிரம் காரணம் சொல்லுவார். எனக்கு ஒரு காரணம்தான் தெரியும். என்ர தலைக்கனத்தால என்ர தம்பி செத்தான் எண்டு.

எட்வேட்: கிட்னிக்கு அதெல்லாம் தெரியாது. ரத்தம் பொருந்துது, குறொஸ்மாட்ச் சரி...

நேசம்: நான் முடிவெடுத்திட்டன். கூப்பிட்ட உடனே உள்ளுக்குப் போய், என்னால ஏலாது எண்டு சொல்லப்போறன். சீட்டில ஆரின்ர பேர் வந்ததோ அவரே குடுக்கட்டும். உன்னைக் கேளாமல் உன்ர முறையைப் பறிச்சதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளு.

எட்வேட்: பொறுங்கோ. பொறுங்கோ... அப்பிடிச் சொல்லிப்போடாதீங்கோ.

நேசம்: நீ ஏன் இப்பிடி வேர்க்கிறாய்?

எட்வேட்: இங்க ஃபேன் இல்ல.

நேசம்: தலைக்கு மேல சுத்துது. எட்வேட்... நான் இவ்வளவு பெரிய விஷயம் சொன்னனான். சீட்டில உன்ர பேர் இருந்தது எண்டு சொன்னனான். நீ ஏன் திடுக்கிடேல்ல?

எட்வேட்: திடுக்கிட்டனான்.

நேசம்: இல்ல. கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு சொல்லேக்கதான் திடுக்கிட்டனீ. இதுக்கு 'ஏன்' எண்டு மட்டும் கேட்டனீ. 'என்ன' எண்டு கேக்கேல்ல.

எட்வேட்: அக்கா, நீங்க திருவுளத்தை அழிக்கேல்ல. அது எனக்குத் தெரியும். அதை மட்டும் நம்புங்கோ.

நேசம்: உனக்கு என்னெண்டு தெரியும்?

எட்வேட்: அந்த டின்னுக்குள்ள திருவுளம் இருக்கேல்ல.

நேசம்: என்ன கதை இது? கோயிலுக்குள்ள வச்சுப் போட்ட சீட்டு.

எட்வேட்: மற்றச் சீட்டு, எடுக்காமல் விட்டது... அதை விரிக்கக்கூடாது எண்டு அம்மா சொல்லுவா.

நேசம்: விரிச்சா ஆண்டவரைச் சந்தேகப்படுற மாதிரி. அதனாலதான் நானும் விரிக்கேல்ல. டின்னோட உன்னட்டத் தந்தனான்.

எட்வேட்: அதுலயும் என்ர பேர்தான், அக்கா. ரெண்டுலயும் எட்வேட் எண்டுதான் எழுதினனான். வெள்ளவத்தையில, எங்கட குசினி மேசையில வச்சு. என்ர மனிசி றஷ்மிக்கும் சொல்லேல்ல. அம்மாவை ஒம்பது வருசம் பாத்தது நீங்க, ரெனால்டைப் பாக்கிறதும் நீங்க. நீங்க செய்தது காணும், போதும் எண்டு நினைச்சன். கேட்டா நீங்க விட மாட்டீங்க. சீட்டு எண்டா விடுவீங்க. றஞ்சிதம் அக்கா எதை எடுத்தாலும் நான்தான் வர வேணும். தற்செயலுக்கு அதுல இடமே இல்ல. அந்தச் சீட்டில இருந்தது ஆண்டவர்ர முடிவு இல்ல, என்ர முடிவு. நீங்க அழிச்சது அதைத்தான்.

நேசம்: ரெண்டுலயும்?

எட்வேட்: ரெண்டுலயும்.

நேசம்: ஆண்டவரே... அஞ்சு கிழமை நான் முழங்காலில நிண்டு...

எட்வேட்: அதுதான் இப்ப சொல்றன். நீங்க ஒரு பாவமும் செய்யேல்ல. கள்ளச்சீட்டுப் போட்டது நான்.

நேசம்: பொறு.

எட்வேட்: இனி நீங்க தாராளமா...

நேசம்: பொறடா. கதைக்காத. ரெண்டுலயும் உன்ர பேர்.

எட்வேட்: ஓம்.

நேசம்: அப்ப டின்னுக்குள்ள என்ர பேரே இருக்கேல்ல. இல்லாத பேரை நான் சத்தமா வாசிச்சனான். நீ எனக்குப் பக்கத்தில நிண்டனீ.

எட்வேட்: அக்கா.

நேசம்: நான் பொய் சொல்றன் எண்டு உனக்கு அந்த இடத்திலயே தெரியும்.

எட்வேட்: ஒரு செக்கன், அற்புதம்தான் நடந்திட்டுது எண்டு நினைச்சன். சத்தியமா. மை எழும்பி வேற பேரா மாறிட்டுது எண்டு. பேந்து நீங்க அவசரமா அதை நெருப்பில பிடிச்சீங்க. அப்ப விளங்கிட்டுது.

நேசம்: விளங்கிட்டு, பேசாமல் நிண்டனீ.

எட்வேட்: வாயைத் திறந்தனான்.

நேசம்: ஆர் மூடினது?

எட்வேட்: ஒருத்தரும் மூடேல்ல. அதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன். எழுதேக்க எனக்குப் பயம் இருக்கேல்ல. பஸ்ஸில வரேக்க இறங்கித் திரும்பிப் போவமா எண்டு நினைச்சன். கோயில் வாசலுக்கு வரேக்க என்ர ரெண்டு பிள்ளையளும் கண்ணுக்குள்ள வந்து நிண்டுதுகள். ஆனா சீட்டு முடிஞ்ச விஷயம், இனி மாத்த ஏலாது எண்டு அதுல தொங்கிக்கொண்டு வந்தனான். நீங்க உங்கட பேரை வாசிச்ச உடனே... அது மாத்தக்கூடிய விஷயமாப் போட்டுது.

நேசம்: அப்ப உனக்கு எப்பிடி இருந்தது? உண்மையைச் சொல்லு.

எட்வேட்: வேண்டாம், அக்கா.

நேசம்: சொல்லு.

எட்வேட்: பசிச்சுது. ரெண்டு நாளாச் சாப்பிட முடியாமல் இருந்தது. உடனே பசிச்சுது.

நேசம்: ஓம். வெளிய வந்து ரோல்ஸ் கேட்டனீ. மூண்டு சாப்பிட்டனீ. நான் நினைச்சன், பாவம், அக்காக்கு இப்பிடி வந்திட்டுதே எண்ட கவலையில சாப்பிடுறான் எண்டு. நானும் ஒண்டை வாங்கி உன்ர தட்டில வச்சனான்.

எட்வேட்: அடுத்த நாள் சொல்லுவம் எண்டு நினைச்சன். பேந்து ஸ்கேனுக்குப் பிறகு. பேந்து ஆஞ்சியோவுக்குப் பிறகு...

நேசம்: ஆஞ்சியோ அண்டைக்கு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீ.

எட்வேட்: ஓம்.

நேசம்: காரணம் சொன்னாக் கேக்கிற ஆள்தான் மனுசன், லிஃப்ட் கேக்காது எண்டு இப்ப எனக்குப் படிப்பிச்சனீ.

எட்வேட்: நான் இப்ப உள்ளுக்குப் போறன். எல்லாத்தையும் சொல்றன். ஃபைலை என்ர பேருக்கு மாத்தச் சொல்றன்.

நேசம்: உனக்கு எல்லா டெஸ்டும் முதல்ல இருந்து.

எட்வேட்: ரெண்டு மாசம்தானே. ரெண்டு மாசம் ரெனால்ட் தாங்குவான் எண்டு டொக்டரே சொன்னவர். இது ஏலாத காரியம் இல்ல. நான் குடுக்கிறன், அக்கா. இந்த முறை சீட்டு இல்ல, நான்.

நேசம்: உண்மையாவா?

எட்வேட்: உண்மையா.

நேசம்: என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு.

எட்வேட்: உண்மையா. அவை கூப்பிடட்டும், நான் எழும்புறன்.

நேசம்: சரி. நான் ஒண்டும் சொல்ல மாட்டன். தடுக்கவும் மாட்டன், தள்ளவும் மாட்டன். கூப்பிடேக்க நீ எழும்பு.

எட்வேட்: எழும்புறன்.

நேசம்: கதவு திறக்குது.

மிஸ்: நேசமலர் கவுத? நேசமலர் ஆரு? உள்ளுக்கு வாங்க.

நேசம்: ...

எட்வேட்: ...

மிஸ்: நேசமலர் இல்லையா? டொக்டர்மார் பாத்துக்கொண்டு இருக்கிறாங்க. கிட்னி குடுக்கிற ஆள் நீங்களா, இந்த மல்லியா, உங்கட தம்பியா?

எட்வேட்: ...

மிஸ்: மல்லி? உங்களத்தான் கேக்கிறன்.

எட்வேட்: மிஸ், அது வந்து...

நேசம்: ...

எட்வேட்: ...

நேசம்: நான்தான், மிஸ். ஒரு நிமிசம், வாறன்.

எட்வேட்: அக்கா, நான் எழும்பத்தான் பாத்தனான்...

நேசம்: தெரியும். இரு. ஏன் அப்பிடி வாசிச்சனான் எண்டு கேட்டனீ, வாயில வந்தது எண்டு சொன்னனான். அது பொய். சீட்டை விரிச்சு உன்ர பேரைப் பாத்திட்டு, நிமிந்து உன்னைப் பாத்தனான். உன்ர முகம் இப்ப இருக்கிற மாதிரியேதான் இருந்தது. அதைப் பாத்திட்டுத்தான் என்ர பேரைச் சொன்னனான், எட்வேட். அவை கேக்கட்டும், ஓம் எண்டு சொல்றன். இந்தா, பையைப் பிடி.